கழுத்துக் கத்தி வாங்கி 2,850 ரூபாய் போச்சு, மீன் வலை வேலைக்காரர்கள் கவனம்

ரீல்ஸ் போட்டுக் கத்தி விற்கும் பக்கங்களில் வாங்க நினைப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2,850 ரூபாய் போய்விட்டது. என்ன பார்த்து வாங்க வேண்டும், சாணை எப்படிப் பிடிக்க வேண்டும் எல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வலை ரிப்பேர் வேலை எனக்கு. ஒரு கை கிழிசலைப் பிடித்திருக்கும்போது மறு கைக்குத் தோதாகக் கத்தி வேண்டும். லுங்கி கட்டினவனுக்குப் பாக்கெட் ஏது? அதனால்தான் உறையோடு கழுத்தில் தலைகீழாகத் தொங்கும் சின்னக் கத்தி. பிடியைக் கீழே இழுத்தால் கையில் வந்துவிடும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வலை ரிப்பேர்தான், அதற்கு ஆகட்டும் என்று தேடினேன்.

வீடியோவில் தடிமனான நைலான் கயிற்றைக் கத்தி விற்கிற ஆள் வெள்ளரிக்காய் மாதிரி அரிந்து காட்டினார். ‘டி2 ஸ்டீல், 60 ஹெச்ஆர்சி’ என்று எழுத்து வேறு, அதாவது லேசில் கூர் மழுங்காத கெட்டி இரும்பாம். அதற்குக்கூட நான் மசியவில்லை. வாய்ஸ் மெசேஜில், “அண்ணே, நானும் தண்டையார்பேட்டைதான். காசிமேட்டுக்காரங்கள ஏமாத்திட்டு இந்தப் பக்கம் நடமாட முடியுமா?” என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் 2,850 ரூபாயையும் மொத்தமாக யுபிஐயில் போட்டேன். பார்சல் வந்தது வேறு மாநிலத்திலிருந்து.

பேப்பரை நன்றாகத்தான் அரிந்தது. கயிற்றில் வைத்ததும் கூர் ஒரு பக்கமாக மடிந்துவிட்டது, நகத்தில் தட்டுப்பட்டது. சரி, கம்பெனிச் சாணை சரியில்லை போல என்று ஆயிரம் நம்பர் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, சாய்வு மாறாமல் தீட்டி, பிசிறும் எடுத்தேன். மறுபடி மடிந்தது. தெரிந்த லேத் பட்டறை அண்ணன் அரத்தை எடுத்துக் கத்தியின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தார். ஒழுங்காகப் பதம் போட்ட, அதாவது காய்ச்சிக் குளிர்வித்துக் கெட்டியாக்கிய டி2 என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் நறநறவென்று கடித்துத் தூள் கொட்டியது. “பதமே ஏறலப்பா, வெறும் தகடு” என்றார். உறை அதைவிட மோசம். குனிந்தால் கத்தி தானாக நழுவிக் காலடியில் விழுகிறது. வெறுங்காலோடு நிற்கிற இடம்!

போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதலில் “டெக்னிக்கல் டீம் பார்க்கும்”. அப்புறம் “நீங்க சாணை பிடிச்சுட்டீங்க, வாரன்டி போச்சு”. கத்தியைச் சாணை பிடிக்காமல் பூஜையிலா வைப்பார்கள்? பிறகு நீல டிக் மட்டும். விடாமல் போன் போட்டதில் ஒருமுறை எடுத்து, “புகார் குடுங்க. கழுத்துல கத்தி மாட்டிட்டு ஏன் சுத்துனீங்கன்னு மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க” என்றார். ‘அண்ணே’ எல்லாம் காணாமல் போய்விட்டது. வட சென்னைக்காரன் கையில் கத்தி என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று தெரிந்தே பேசுகிற பேச்சு. ஆயுத விதிகளில் ஆயுதம் என்று கணக்கில் வரும் கத்தியின் அளவு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேல். அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆன கத்திகளுக்கு விலக்கு உண்டு. என்னுடையது இரண்டரை அங்குலம், வலை அறுக்க. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அவர் என்னை பிளாக் செய்துவிட்டு, அதே வீடியோவைக் ‘கடைசி 3 பீஸ்’ என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். கடலுக்குப் போகாத, கையில் காசில்லாத நேரத்தில் 2,850 ரூபாய்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுதக் கை வரவில்லை. அரம் போட்டுப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். கழுத்தில் பாராகார்டு என்கிற, லேசில் அறாத நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், வலை இழுக்கும் விஞ்ச் மெஷினில் சிக்கினால் கழுத்தையும் சேர்த்து இழுக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகிற குட்டி உருண்டைகள் கோத்த மணிச் சங்கிலி போடுங்கள். கிரைண்டர் சக்கரத்தில் சாணைக்குக் கொடுக்காதீர்கள், சூட்டில் நீலம் பாய்ந்தால் பதம் போச்சு. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், மெட்ரோ சோதனையில் நிறுத்தலாம். முழுப் பணமும் முன்னாடியே கேட்டால், எந்தப் பேட்டைக்காரராக இருந்தாலும் வேண்டாம்.