என்ஜினை இறக்கணுமா? எம்ஆர்2 வைத்திருந்து பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு

கல்முனையில் இருந்து நண்பன் ஒருவன் போன வாரம் கோல் எடுத்தான். வாகன இறக்குமதி திறந்துவிட்டாலும் புதுக் காருக்கு வருகிற வரியைப் பார்த்து மனம் வெறுத்துப்போய், கொழும்பில் விற்கப் போட்டிருக்கிற ஒரு 1993 எம்ஆர்2 (டொயோட்டாவின் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) மேல் கண் வைத்திருக்கிறான். அவன் கேட்டது ஒரே கேள்வி. "மச்சான், டைமிங் பெல்ட் மாத்துறதுக்கு என்ஜினையே இறக்கணுமாம். உண்மையா?"

டைமிங் பெல்ட் என்பது என்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற ரப்பர் பட்டி. ஐந்து நிமிஷத்தில் கோலில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. என் காருக்கும் வருகிற மார்ச்சில் இரண்டாம் முறை என்ஜினை இறக்கப்போகிறேன். அதற்கான கணக்கைத்தான் இப்போது கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது எஸ்டபிள்யூ20 (எம்ஆர்2வின் இரண்டாம் தலைமுறை), 1991 மொடல், 3எஸ்-ஜிடிஇ டேர்போ என்ஜின், 225 குதிரைவலு. கத்தாரில் உழைத்த காசில் 2013இல் வாங்கினேன். அன்றிலிருந்து திருகோணமலையில்தான் நிற்கிறது.

எங்கள் ஊரில் எந்த வண்டியாக இருந்தாலும் "என்ஜினை இறக்குறது" என்றுதான் சொல்வோம். செயின் புளொக் போட்டு மேலே தூக்கி எடுத்தாலும் அதற்குப் பெயர் இறக்குவதுதான். அந்தச் சொல் அப்படியே உண்மையாகிற காரை நான் முதலில் பார்த்தது இதில்தான். எம்ஆர்2வின் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், குறுக்காகக் கிடக்கிறது. அது கீழ்வழியாகத்தான் நல்லபடி வெளியே வரும். என்ஜினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாக ஒரு தாழ்ந்த தள்ளுவண்டியில் உட்கார வைத்து, என்ஜினைப் பாடியோடு பிடித்திருக்கிற மவுண்ட் எல்லாம் கழற்றி, பிறகு காரின் பின்பக்கத்தை இடுப்பளவுக்கு மேலே தூக்க வேண்டும். என்ஜின் நின்ற இடத்திலேயே நிற்க, கார்தான் அதை விட்டு எழும்பிப் போகும். 2015இல் பாலையூற்றில் ஒரு கராஜில் அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சிலிப்பர் கட்டையில் ஏற்றி நிறுத்திய காரின் அடியில் இருந்து அந்த இரும்புக் குவியல் மெல்ல உருண்டு வெளியே வந்தது.

இனி நண்பனின் கேள்வி. பெல்ட்டுக்கு மட்டும் என்றால் இறக்கத் தேவையில்லை. வலது பக்க மவுண்டைக் கழற்றி, ஜாக்கில் என்ஜினைக் கொஞ்சம் தாழ்த்தி, சக்கர வளைவுப் பக்கமாக வேலை செய்யலாம். செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பெல்ட் மூடிக்கும் பாடித் தகட்டுக்கும் நடுவில் என் உள்ளங்கை விரித்தபடி போகும், முஷ்டி மடக்கினால் போகாது. ஃபெராரி 348, எஃப்355 இரண்டிலும் பெல்ட் என்ஜினின் முன்முகத்தில், இருக்கைக்குப் பின்னால் இருக்கிற சுவரோடு ஒட்டிக்கிடக்கும், அதனால் அவற்றுக்கு இறக்குவதுதான் வழக்கமான வழி. 1999இல் வந்த 360இல்தான் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடி வைத்து அந்தத் தொல்லையைத் தீர்த்தார்கள். டொயோட்டாக்காரன் நமக்கு அவ்வளவு கொடுமை செய்யவில்லை.

பிறகு ஏன் இறக்கினேன்? கையோடு கையாகச் செய்ய வேண்டியவை சேர்ந்துவிட்டன. பெல்ட் என்றால் அதை இறுக்கி ஓடவிடுகிற டென்ஷனர், ஐட்லர் உருளைகள், அதே பெல்ட்டில் சுற்றுகிற வோட்டர் பம்ப், முன் பக்க எண்ணெய் சீல்கள். வோட்டர் பம்பைப் பழையதாகவே விட்டுப் புது பெல்ட் போடுவது மடத்தனம், பம்ப் ஒழுகினால் திரும்பவும் எல்லாம் கழற்ற வேண்டும். கிளச்சும் தேயத் தொடங்கியிருந்தது, கியர்பொக்ஸை எடுத்தால் கிராங்கின் பின் சீலும் மாற்றலாம். டேர்போவுக்கு எண்ணெய் போகிற குழாய், வருகிற குழாய். அதன் பிறகு அந்த ஹோஸ்.

அந்த ஹோஸைப் பற்றி நான் நிதானமாக எழுத முயற்சி செய்கிறேன்.

ஒரு சாண் நீளம்கூட இல்லாத, கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர்) போகிற ஹோஸ் அது. என்ஜினுக்குக் காற்றுப் போகிற இன்டேக் குழாய்களுக்குக் கீழே, பிளாக்குக்கும் இருக்கைச் சுவருக்கும் நடுவில், சூடு போக வழியில்லாத இடத்தில் கிடக்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கீழே படுத்துப் பார்த்தாலும் பாதிதான் தெரியும். கிளிப்பின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் குறடு போகாது. வெளிநாட்டு எம்ஆர்2 ஆட்கள் இதை நரகத்து ஹோஸ் என்றே கூப்பிடுகிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு யோசித்த பொறியியலாளர் இந்த ஒரு ரப்பர் துண்டை மட்டும் ஏன் அங்கே வைத்தார் என்று பன்னிரண்டு வருஷமாக எனக்கு விளங்கவில்லை.

2015இல் அதை மாற்றினோம். கொழும்பில் ஒரு கடையில் அசல் ஜப்பான் சாமான் என்று சொல்லி, பொதியில் போட்டு, அசல் விலை வாங்கிக்கொண்டு தந்தார்கள். கடையின் பெயர் வேண்டாம். பதினான்காவது மாதம் கந்தளாய் தாண்டி வரும்போது பின்னால் இருந்து இனிப்பான ஒரு வாசம் வந்தது. கூலன்ட் கொதிக்கும்போது வருகிற வாசம். ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன், அதனால் என்ஜின் ஹெட் தப்பியது. கழற்றிப் பார்த்தால் ஹோஸின் உள்பக்கம் பழைய செருப்புப் போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு ரப்பர் துண்டில் பொய் சொல்லி அவர்கள் சம்பாதித்தது மிகச் சின்னக் காசு. எனக்குப் போனது இரண்டு மாதமும், இன்டேக்கைத் திரும்பக் கழற்றிய கூலியும். இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனால் கோபத்தைக் கார் மேல் போடுவது நியாயமில்லை என்பதும் தெரிகிறது.

2015இன் பெரிய சிக்கல் என்ஜினை ஏற்றிய பிறகுதான் வந்தது. ரேடியேற்றர் முன்னால், என்ஜின் பின்னால், நடுவில் காரின் அடிவயிறு முழுக்கக் குழாய். மொத்தம் 13 லீற்றருக்குக் கிட்ட கூலன்ட் குடிக்கும். அவ்வளவு நீளக் குழாயில் எங்கேயாவது ஒரு காற்றுக் குமிழ் மாட்டினால் போதும், என்ஜின் சூடாகி சூட்டு ஊசி ஏறும். மூன்று நாள் ஊற்றினோம், மூடினோம், ஓட்டினோம். ஒவ்வொரு நாளும் அநுராதபுரச் சந்தி தாண்டுவதற்குள் ஊசி முக்காலுக்கு வந்துவிடும்.

நாலாம் நாள் டொயோட்டா சேவிஸ் புத்தகத்தின் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு போனேன். ரேடியேற்றரில் ஒன்று, ஹீட்டர் பக்கத்தில் ஒன்று என்று முன்னால் இரண்டு காற்றுத் திருகு இருக்கின்றன. இரண்டிலும் தெளிவான குழாய் மாட்டி, பொனட்டுக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டு, பின்னால் என்ஜின் பக்கமிருக்கிற வாயில் ஊற்ற வேண்டும். குழாய்க்குள் ஏறுகிற மட்டமும் ஊற்றுகிற வாயின் மட்டமும் ஒன்றாகும்வரை ஊற்ற வேண்டும். கராஜ் நானா கிண்ணியாக்காரர். படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தம்பி, இது நம்மட மேசன்மார் மட்டம் பாக்குற குழாய்தானே," என்றார்.

அதேதான். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டு மேசனிடம் மட்டக் குழாயை இரவல் வாங்கி, இரண்டாக வெட்டி மாட்டினோம். பிறகு புது விலையில் வாங்கிக் கொடுத்தோம். ஊற்ற ஊற்ற ரேடியேற்றர் பக்கக் குழாயில் பச்சைத் தண்ணீர் ஏறியது. ஹீட்டர் பக்கத்தில் ஒரு சொட்டும் வரவில்லை. அப்போதுதான் புத்தகத்தின் அடுத்த வரியைப் படித்தேன்: ஹீட்டர் பட்டனைக் கடைசிச் சூட்டில் வைக்கவும். திருகோணமலையில் காருக்குள் ஹீட்டர் போடுகிற ஆள் யார்? அந்தப் பட்டனை எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் தொட்டிருக்க மாட்டார். கேபிள் இறுகிப்போய், வால்வு மூடியபடியே கிடந்தது. எண்ணெய் விட்டு, குறட்டால் மெல்ல அசைத்துத் திறந்தார் நானா. உடனே குழாயில் ஒரு குமிழ் வந்தது, பெரியது, பெருவிரல் அளவு. அதன் பின்னால் சின்னச் சின்னதாய் இன்னும் பத்து. பிறகு இரண்டு குழாயிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. அன்றைக்கு நிலாவெளி போய்த் திரும்பினோம், ஊசி பாதியை விட்டு அசையவில்லை. நான் இந்தக் காரில் பட்ட சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ஹீட்டரைப் போட்டு ஐந்து நிமிஷம் ஓட்டுகிறேன், வியர்த்தாலும் பரவாயில்லை என்று.

இப்போது ஏன் மறுபடியும்? கிலோமீற்றரைப் பார்த்தால் அவசரமில்லை. டொயோட்டா சொல்வது 100,000, நான் ஓடியது 40,000 சொச்சம். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் மட்டும் கிடைத்த காலத்தில் கார் பாதி நாள் போர்வைக்குள்தான் நின்றது. ஆனால் ரப்பருக்கு வயசும் கணக்கு. பத்து வருஷம் தாண்டிய பெல்ட்டை நம்பி டேர்போ என்ஜினை மிதிக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் இதற்கு நாள் குறிப்பது கல்யாண நாள் குறிப்பது மாதிரி. ஐப்பசி தொடங்கித் தை வரை மழை, கராஜ் கொட்டகை மூன்று பக்கமும் திறந்தது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று. திறந்து வைத்த என்ஜினுக்குள் புழுதியும் மணலும் போனால் பிறகு அழுது பயனில்லை. இடையில் எனக்குத் தோதானது மாசியும் பங்குனியும். அதில் 2026இல் நோன்பு பெப்ரவரி 19 அளவில் தொடங்குகிறது. நோன்பு வைத்துக்கொண்டு காருக்குக் கீழே படுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பெருநாள் மார்ச் 21 அளவில். ஏப்ரல் 14 வருஷப்பிறப்பு, அதற்கு இரண்டு நாள் முன்பே லேத் கடைகள் பூட்டிவிடும். ஆக எனக்கு இருப்பது மார்ச் 23 திங்கள் முதல் மூன்று கிழமை. சாமான் ஒன்று குறைந்து போனாலும் கார் கட்டை மேல் நின்றபடியே புதுவருஷம் பிறக்கும். அதனால் எல்லாச் சாமானும் கையில் வந்த பிறகுதான் முதல் போல்ட்டைத் தொடுவது என்று நானாவும் நானும் பேசி முடித்திருக்கிறோம்.

உப்புக் காற்று இன்னொரு பிரச்சினை. வீட்டில் இருந்து கடற்கரை நடை தூரம். எக்ஸோஸ்ட் ஸ்டட், அடிச்சட்டப் போல்ட் எல்லாம் துருப்பிடித்திருக்கும். ஒரு கிழமைக்கு முன்பே தினமும் துரு எண்ணெய் அடிக்க வேண்டும். வேறு காருக்கு என்றால் கேஸ் விளக்கால் சூடாக்கிக் கழற்றிவிடுவார்கள். இதில் பெற்றோல் டாங்கி இரண்டு இருக்கைக்கும் நடுவில் நீளவாக்கில் படுத்திருக்கிறது, அந்தப் பக்கம் நெருப்பே கூடாது. போன முறை நானாவின் பையனுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டி வந்தது.

போல்ட்களுக்குச் சிரட்டை. நானாவின் வழக்கம் அது. ஒவ்வொரு இடத்துப் போல்ட்டுக்கும் ஒரு சிரட்டை, பெயின்ட்டில் இலக்கம். போன முறை இரண்டு சிரட்டை கவிழ்ந்து, வோட்டர் பம்பின் நீளப் போல்ட்டும் கட்டைப் போல்ட்டும் கலந்துவிட்டன, அரை நாள் போனது. இந்த முறை ஒவ்வொரு சிரட்டைக்கும் கைபேசியில் படமும் எடுக்கிறோம்.

மற்றக் குறைகள்: டி-பார் கூரை (கழற்றி எடுக்கிற கண்ணாடிக் கூரை) மழைக்கு ஒழுகும். 95 ஒக்டேன் பெற்றோல் எல்லா பெற்றோல் செட்டிலும் இருக்காது. 1991இன் முதல் வடிவம் ஈர ரோட்டில் பின்பக்கம் சட்டென்று வழுக்கும், அடுத்த திருத்தத்திலேயே டொயோட்டா சஸ்பென்ஷனை மாற்றியது. நண்பன் பார்க்கிற 1993இல் அந்தப் பயம் குறைவு.

ஓட்டுவது எப்படி என்று கேட்கிறாயா? காலை ஆறு மணிக்கு உப்புவெளி தாண்டி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம். வலது பக்கம் கடல். மூன்றாவது கியரில் மிதித்தால் டேர்போ காதுக்குப் பின்னால் மூச்சிழுக்கும், முதுகில் யாரோ கையை வைத்துத் தள்ளுவது மாதிரி இருக்கும். ஸ்டியரிங் காகிதம் போல லேசு. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அந்த ரோட்டில் எனக்கு அலுக்கவில்லை. இதை விற்பேனா என்றால் மாட்டேன்.

வாங்கலாமா என்றால், வேண்டாம் மச்சான். கல்முனையில் உனக்கு நானா மாதிரி ஒரு ஆள் இல்லை. மூன்று கிழமை காரைக் கட்டை மேல் விட்டுவிட்டுப் பொறுத்திருக்கிற ஆளும் நீ இல்லை. காசு பெரிய விஷயமில்லை, இந்த இரண்டும்தான்.

சனிக்கிழமை வருகிறேன் என்கிறான். வரட்டும். ஜப்பானில் இருந்து நேரே எடுப்பித்த புது ஹோஸ் போன கிழமைதான் வந்தது. வெடித்த பழைய துண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டையும் அவன் கையில் கொடுப்பேன். பிறகு டோர்ச் அடித்து அது இருக்கிற இடத்தைக் காட்டி, கையை விட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். சாவி அதற்குப் பிறகுதான்.