கையா, டிஏ மெஷினா, ரோட்டரியா: கார் கீறலுக்கு எதை நம்பலாம்?

காரில் கீறல் விழுந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரப்பிங் காம்பவுண்ட் (சிராய்ப்புத் துகள் கலந்த பசை) வாங்கிக் கையால் தேய்த்தால் போதும் என்பார் ஒருவர். மெஷின் பாலிஷ் போடச் சொல்வார் இன்னொருவர்; அதில் டிஏ (டூயல் ஆக்‌ஷன்), ரோட்டரி என்று இரண்டு வகை மெஷின்கள். செராமிக் கோட்டிங் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்பவரும் உண்டு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், பாலிஷ் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே பூசிய நிறமற்ற அடுக்கை, கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறது. அந்தக் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் வரைதான், ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் பாதித் தடிமன். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த அடுக்குதான். ஆகவே எந்த முறையாக இருந்தாலும், எவ்வளவு கிளியர் கோட்டைக் கரைத்து எவ்வளவு பளபளப்பை வாங்குகிறோம் என்பதை வைத்தே நான் எடை போடுகிறேன்.

முதலில் நகத்தால் கீறலின் குறுக்கே மெதுவாக வருடிப் பாருங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் பாலிஷில் போய்விட நிறைய வாய்ப்பு உண்டு. லேசாகத் தடுத்தால் முழுக்கப் போகாது, மங்கும். உள்ளே வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பிரைமர் (நிறத்துக்கு அடியில் பூசும் அடுக்கு) தெரிந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. இன்னொன்று: பார்க்கிங்கில் விழும் சில கோடுகள் கீறலே இல்லை. தூணின் பெயின்டோ பக்கத்து வண்டியின் பெயின்டோ மேலே ஒட்டியிருக்கும். துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் தொட்டு நான்கைந்து முறை தேய்த்தாலே அது போய்விடும்.

கையால் தேய்ப்பதற்கு இதுவே சரியான இடம். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் விழும் நகக் கீறல், ஒரு சின்ன உரசல் என்று உள்ளங்கை அளவுப் பரப்பாக இருந்தால் கை போதும். செலவு குறைவு, கிளியர் கோட்டைத் தாண்டிவிடும் பயமும் குறைவு. ஆனால் முழு பானெட்டைக் கையால் செய்ய நினைத்தால் தோள்பட்டைதான் வலிக்கும். அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதால் பளபளப்பும் திட்டுத்திட்டாக நிற்கும். டூத்பேஸ்ட் வைத்தியமும் சிராய்ப்புத் துகளை நம்பியதுதான். காருக்கென்றே செய்த காம்பவுண்ட் கடையில் கிடைக்கும்போது அது தேவையில்லை.

முழு வண்டிக்கும் என்றால் போட்டி டிஏ மெஷினுக்கும் ரோட்டரிக்கும் இடையில்தான். ரோட்டரியின் பேட் (பெயின்டைத் தேய்க்கும் வட்டப் பஞ்சு) ஒரே அச்சில் சுற்றும். வெட்டும் வேகம் அதிகம், கை பழகியவர் ஆழமான கீறலையும் சீக்கிரம் இறக்கிவிடுவார். ஆனால் ஒரே இடத்தில் சில நொடி கூடுதலாக நின்றால் சூடு ஏறும். கதவு ஓரம், பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயின்ட் மெல்லியதாக இருப்பதால் அங்கேதான் முதலில் எரியும். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் கவனம் வேண்டும், தகரத்தைப் போல அது சூட்டைக் கடத்தி விடாது. கரடுமுரடாகப் போட்ட ரோட்டரி வேலை நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயிலில் நிறுத்தினால் வளைவளைவான கோடுகள் தெரியும், கறுப்பு வண்டியில் இன்னும் மோசம். டிஏவில் பேட் சுற்றிக்கொண்டே அலையவும் செய்கிறது, அதிகம் அழுத்தினால் சுற்றுவதே நின்றுவிடும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் புதியவர் கையிலும் பெயின்டை எரிப்பது கடினம். சொந்தமாக மெஷின் வாங்கிச் செய்ய நினைப்பவருக்கு என் பதில் தயக்கமே இல்லாமல் டிஏதான். மென்மையான பேட், லேசான பாலிஷ் என்று ஓர் ஓரத்தில் தொடங்குங்கள். போதாவிட்டால் மட்டும் காம்பவுண்டுக்கு ஏறுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு பேனலைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெயும் ஃபில்லரும் (கீறலை நிரப்பும் பொருள்) கீறலை மறைத்திருந்தால், துடைத்ததும் பழைய கோடுகள் எட்டிப் பார்க்கும்.

மெஷின் ஏறும் முன் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும். நன்றாகக் கழுவி, கிளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் களிமண் கட்டி) ஓட்டி, அப்புறம்தான் பேட். போர் தண்ணீரின் உப்புக் கறை இருந்தால் நீர் கலந்த வினிகரை முதலில் பாருங்கள். புதிய கறை பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும், உடனே நல்ல தண்ணீர் விட்டு அலசினால் சரி.

வேக்ஸும் செராமிக்கும் இந்தப் போட்டியிலேயே இல்லை, கீறலை எடுப்பது அவற்றின் வேலையும் இல்லை. கார்னோபா வேக்ஸ் ஒளியைக் கொஞ்சம் செழுமையாக்கும், லேசான கோடுகளை மறைக்கும், நம் வெயிலில் ஓரிரு மாதத்தில் போய்விடும். செராமிக் நெடுநாள் நிற்கும், கழுவுவதும் எளிது. ஆனால் சில கடைகள் பெருமையாகச் சொல்லும் 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவு. சாவியால் இழுத்தால் அதிலும் கீறல் விழும். பாலிஷ் போடாமல் செராமிக் அடித்தால், இருக்கிற கீறல் எல்லாம் அதற்கடியில் அப்படியே பத்திரமாக இருக்கும்.

பிரைமர் தெரியும் கீறலுக்கு, வண்டியின் நிறக் குறியீட்டைப் பார்த்து வாங்கிய டச்சப் பெயின்ட் போதும், துரு பிடிக்காமல் காக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியத்தான் செய்யும். முழு பேனல் பெயின்ட் கடைசி வழி. மெட்டாலிக் நிறங்களில் பக்கத்து பேனலோடு நிறம் பொருந்துவது பெயின்டர் கையைப் பொறுத்தது. இதற்காக இன்சூரன்ஸ் கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்கு, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கிறது. அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராவிட்டால், ஒரு கதவுக் கீறலுக்காக அது போய்விடும். புதிதாக பெயின்ட் அடித்த பேனலுக்கு ஒரு மாதமாவது வேக்ஸ் வேண்டாம், உள்ளிருக்கும் கரைப்பான் முழுக்க வெளியேறட்டும்.