ஜேம்ஸ் வெப்பா, யூக்ளிடா?

தொலைதூர விண்மீன் மண்டலங்களை (கேலக்ஸிகளை) பற்றி ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு எந்தத் தொலைநோக்கியின் தரவை எடுப்பது என்று குழப்பம். இரண்டும் நம்மிடமிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளித்தான் இருக்கின்றன, வேலைதான் வேறு.

கண்ணாடி: வெப்புக்கு 6.5 மீட்டர். யூக்ளிடுக்கு 1.2.

பரப்பு: யூக்ளிட் ஒரே படத்தில் முழுநிலவைவிட இருமடங்குக்கு மேல் வானத்தைப் பிடிக்கும். ஆறு ஆண்டுகளில் வானத்தில் மூன்றில் ஒரு பங்கை முடிப்பது திட்டம். வெப் பார்ப்பது ஊசிமுனை அளவு.

ஆழம்: இதில் வெப்பை அடிக்க ஆளில்லை. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து மண்டலம் ஒன்றை 2024-இல் காட்டியது. அகச்சிவப்பில் 28 மைக்ரான் அலைநீளம் வரை போகும்; யூக்ளிட் 2-லேயே நின்றுவிடும்.

தரவு: இரண்டிலும் வெளியானது இலவசம். யூக்ளிட் 2025 மார்ச்சில் தந்த முதல் தொகுப்பிலேயே 2.6 கோடி மண்டலங்கள். சாதாரண லேப்டாப் திணறும்!

சரி, எதை எடுப்பது? ஆதிகால மண்டலம் ஒன்றிரண்டின் நிறமாலையை அலச வெப். கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் பொருள்), ஈர்ப்பு வில்லைகள் (பின்னாலிருந்து வரும் ஒளியை ஈர்ப்பால் வளைக்கும் மண்டலங்கள்), மண்டலங்களின் வடிவக் கணக்கெடுப்பு என்றால் யூக்ளிட்.