நெஞ்சுப் படபடப்புக்கு எது தேவலை: மூச்சா, நடையா, ஆற்றுக் குளியலா, வாட்ச்சா?

2023 டிசம்பரில் நெல்லைப் பக்கம் வந்த வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்த சிலருக்கு, இப்போதும் ராத்திரி மழை வலுத்தால் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை என்று புத்திக்குத் தெரியும்; நெஞ்சு கேட்காது. வைத்தியம் மட்டும் ஆளுக்கொன்று சொல்வார்கள். "மூச்ச நல்லா இழுத்து விடும்மா." "காலைல நடங்க அண்ணாச்சி." "ஆத்துல ஒரு முங்கு போடும்வே, எல்லாம் சரியாயிரும்." போதாததற்கு, மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச் வேறு.

எது தேறும் என்று பார்க்குமுன் ஒரு விஷயம். இதயத்துக்குள் துடிப்பைக் கிளப்பும் முடிச்சை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போல அடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 70 பக்கம் நிற்கிறதென்றால், மூளையிலிருந்து இதயம், குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்பு மூக்கணாங்கயிறாக இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதே நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை இதயம், குடல் இவற்றின் சேதியை மூளைக்கு ஏற்றிச் செல்பவை. மனசு பதறினால் நெஞ்சு அடிக்கிறது, சரி. அடிக்கிற நெஞ்சைக் கவனித்து மனசு இன்னும் பதறுகிறதே, அதுதான் நடுராத்திரியில் ஆளைப் படுத்துவது.

அந்த நிமிடத்துக்கு மூச்சை மிஞ்ச எதுவுமில்லை என்பது என் கட்சி. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 4 விநாடி இழுத்து, 6 விநாடி மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைவதும், விடும்போது இடைவெளி விட்டு அடிப்பதும் பலருக்கு விரலிலேயே தெரியும். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகக் கூடுகிறது. இப்படி நெகிழ்ந்து கொடுக்கிற இதயம்தான் அதிர்ச்சியிலிருந்து சீக்கிரம் மீள்கிற உடம்புக்கு ஓர் அடையாளம். ஆனால் "இழுத்து விடு" என்று பொதுவாகச் சொல்வதில் கோளாறு உண்டு: பதற்றத்தில் வேகவேகமாக இழுத்தால் தலைசுற்றும், விரல் மரத்துப் போகும், பயம் இரட்டிப்பாகும். விடுகிற மூச்சு நீளமாக இருக்கவேண்டும், சூட்சுமம் அங்கேதான்.

ஆற்றுக் குளியலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தாமிரபரணிக்காரனுக்கு வாய் வராது. குளிர்ந்த நீர் முகத்தில் பட்டால் துடிப்பு தணிவது மெய்தான். ஆனால் உடம்பு முழுக்கத் திடீரென்று சில்லென்ற தண்ணீரில் இறங்கினால் நடப்பது நேர்மாறு: மூச்சுத் திணறி, துடிப்பு எகிறும். சாரல் நாளில் குற்றாலம் மெயின் அருவிக்குள் தலையைக் கொடுத்த முதல் நொடி நினைவிருக்கிறதா? இதய நோயாளிக்கு அது வேண்டாத விளையாட்டு. குறுக்குத்துறைப் படித்துறையில் காலை நனைத்து, கை நிறைய அள்ளி முகத்தில் விட்டு, நிதானமாக இறங்குவது வேறு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆறு கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள், ஈரத்துண்டு கிடைக்கும்.

வாட்ச்சுக்கு என் மதிப்பெண் கம்மி. தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தைப் பச்சை வெளிச்சத்தால் கவனித்து, துடிப்புக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்று ஓர் எண்ணாகக் காட்டுகிறது, அதில் குற்றமில்லை. வயது, தூக்கம், காய்ச்சல், முந்தின நாள் குடி எல்லாம் அந்த எண்ணை ஆட்டும். உங்கள் எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடுவது வீண். எங்கள் மதினி ஒருத்தி படுக்கையில் வாட்ச்சில் நாடித் துடிப்பைப் பார்ப்பாள், பார்த்ததும் அது ஏறும், ஏறியதால் மறுபடி பார்ப்பாள். கழற்றி பீரோவில் வைக்கச் சொன்னோம்.

மாதக்கணக்கில் பலன் தருவது நடைதான். வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓய்வுத் துடிப்பு மெல்ல இறங்கும், மனச்சோர்வும் தணியும். பாளையங்கோட்டை மைதானத்தில் சுற்றி வந்துவிட்டு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுகிற கோஷ்டியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சும் மருந்தில் பாதி என்பேன். தனிமையும் இதயத்துக்குக் கேடுதான். ஒரே குறை, இன்றைக்கு ராத்திரிப் படபடப்புக்கு நாளைக்காலை நடை உதவாது.

நெஞ்சை அழுத்துகிற வலி, கை அல்லது தாடைக்கு ஓடும் கடுப்பு, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் இந்த நாலில் எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே போய் ஈ.சி.ஜி. எடுங்கள். பெருந்துக்கத்தில் இதயத் தசையின் ஒரு பகுதி தற்காலிகமாக வலுவிழந்து போவதை ஜப்பான் டாக்டர்கள் 1990இல் 'டகோட்சுபோ' என்று பெயரிட்டு எழுதினார்கள்; மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் வருவது அது. பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், ஆனால் வரும்போது அது மாரடைப்பு போலவேதான் இருக்கும். "துக்கத்துல இருக்கா, அதான் படபடப்பு" என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.