மொத்தமாக வாங்கி அடுக்குவதா, ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் புழங்குவதா?

டப்பாவின் மூடியைத் திறந்ததுமே வாசனை முகத்தில் அடித்தது. எண்ணெய் காறிப்போனால் தொண்டைக்குள் வந்து ஒட்டிக்கொள்ளுமே, அந்த வாசனை. உள்ளே பத்து கிலோ முழுக்கோதுமை மாவு. மேலே சிலந்தி வலை போல மெல்லிய நூல் பின்னிக் கிடந்தது. விரலால் இழுத்தால் மாவும் சேர்ந்து கட்டியாகத் தொங்கியது. அந்துப்பூச்சியின் புழு நெய்த நூல் அது. கீழ்வரை கிளறிப் பார்த்துவிட்டு, அப்படியே கொண்டுபோய்க் கொட்டினோம். சாப்பாட்டுப் பொருளைக் கொட்டும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்கு ஏழு மாதம் முன்பு, தட்டுப்பாடு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய ஒரு வாரத்தில், ஒரே மூச்சில் மூன்று மாதச் சாமானை வாங்கிப் பரணில் அடுக்கியிருந்தோம். அவசரத்துக்கு என்று சொல்லி யாரும் தொடவில்லை. தொடாமல் வைத்ததுதான் தப்பு என்று புரிந்தது அன்றைக்குத்தான். அதன்பின் முறையை மாற்றிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எனக்கு எது பிடித்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

முதல் முறையைக் குவியல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தடவையில் பெரிய அளவில் வாங்கித் தனியாக ஒதுக்கி வைப்பது. இரண்டாவது சுழற்சி. வழக்கமாகச் சாப்பிடுவதையே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துச் செலவழித்து, எடுத்த இடத்தைப் புதியதால் நிரப்புவது. ஜப்பானில் நிலநடுக்கத்துக்குத் தயாராகச் சொல்லும்போது அரசே இந்த முறையைத்தான் ‘ரோலிங் ஸ்டாக்’ என்ற பெயரில் பரிந்துரைக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவியலில் அலைச்சல் குறைவு, பெரிய பொட்டலம் கிலோவுக்குக் கொஞ்சம் மலிவு, அன்றைக்கே மனசுக்கு ஒரு தெம்பு. சுழற்சியில் ஒரே நாளில் பெரிய தொகை கையைவிட்டுப் போகாது, இடமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடையும். இவை எதுவும் முடிவைத் தீர்மானிக்காது. தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: வாங்கி வைத்ததை யார், எப்படிப் பராமரிப்பது?

வீட்டில் சேர்த்து வைக்கும் எந்தப் பொருளுக்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. கையில் இருப்பதை மாதச் செலவால் வகுத்தால், கடைசிப் பிடி எத்தனை மாதம் காத்திருக்கும் என்று தெரிந்துவிடும். மாதம் இரண்டு கிலோ மாவு செலவாகும் வீட்டில் பத்து கிலோ வாங்கினால், கடைசிக் கிலோவைத் தொட நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். முழுக்கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருக்கிறது. சாதாரண அறை வெப்பத்தில் அது மூன்று மாதத்துக்கு மேல் நல்லபடியாக இருப்பது சிரமம். ஆக, நாங்கள் வாங்கிய அன்றே ஏறத்தாழப் பாதி மாவு வீணாவது உறுதியாகிவிட்டது. அதிலும் நாங்கள் தொடவே இல்லை.

அரிசியிலும் இதே வித்தியாசம் உண்டு. தவிடு நீக்கிய வெள்ளை அரிசியை ஈரம் படாமல், காற்றுப் புகாமல், குளிர்ந்த இடத்தில் வைத்தால் பல ஆண்டு தாங்கும். தவிட்டோடு இருக்கும் பழுப்பு அரிசி சுமார் ஆறு மாதம்தான், தவிட்டின் எண்ணெய் காறிவிடும். சத்து அதிகம் என்று பழுப்பு அரிசியை மூட்டையாக வாங்கி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டு வெளியிலிருந்துதான் வந்து விழும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அரிசி வண்டு தானிய மணியைத் துளைத்து உள்ளேயே முட்டையிட்டு மூடிவிடும். வாங்கும்போதே உள்ளே இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. சின்ன அளவாக இருந்தால் நான்கைந்து நாள் உறைகுளிரில் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். ஐம்பது கிலோ மூட்டையை எந்த ஃப்ரீசரில் வைப்பது?

எண்ணெய்க்கு எதிரிகள் மூன்று: வெளிச்சம், வெப்பம், காற்று. பதினைந்து லிட்டர் டின் ஒன்றைத் திறந்து ஐந்து மாதம் எடுத்துப் புழங்கினால், ஐந்து மாதமும் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அதையே ஒவ்வொரு லிட்டராகப் பதினைந்து பாட்டில் வாங்கினால், எந்த நேரத்திலும் ஒரு பாட்டில்தான் திறந்திருக்கும். விலை கொஞ்சம் கூடும். ஆனால் சேமிப்புக்கு வாங்கும்போது சின்னப் பொட்டலம்தான் சரி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும். இன்னொன்று, பரண். வீட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் கூரைக்குக் கீழே இருக்கும் அந்த இடம்தான். பொருள் கெடும் வேகம் வெப்பத்தோடு மளமளவென்று ஏறும். பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பார்கள். கண்ணில் படாத இடம் என்று பரணைத் தேர்ந்தெடுத்தோம், அங்கேதான் எல்லாம் சீக்கிரம் பாழானது.

சுழற்சியில் பராமரிப்பு என்று தனியாக ஒரு வேலை கிடையாது, சாப்பிடுவதே பராமரிப்பு. எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அடுப்படியில் ஒரு எண்ணெய் பாட்டில், அலமாரியில் மூன்று. அடுப்படிப் பாட்டில் தீர்ந்ததும் அலமாரியில் முன்னால் இருப்பது இறங்கும். இறங்கிய கையோடு, அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டில் ‘எண்ணெய் 1’ என்று எழுதிவிட வேண்டும். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது அந்தச் சீட்டைக் கிழித்துக்கொண்டு போவோம். வந்ததும் மூடியில் மார்க்கரால் மாதமும் வருடமும் பெரிதாக எழுதி, வரிசையின் கடைசியில் வைப்போம். பொட்டலத்தில் அச்சடித்த தேதி கடுகு அளவில் இருக்கும், அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. அதனால்தான் பெரிதாக எழுதுவது.

ஆரம்பத்தில் இதுவும் சறுக்கியது. எங்கள் அலமாரி ஆழமானது. கைக்கு எட்டியதை எடுப்பது மனித இயல்பு, எட்டியது எப்போதும் புதியதாகவே இருந்தது. பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை என்று தெரிந்து, ஒற்றை வரிசை மட்டும் நிற்கும்படி ஆழமில்லாத தட்டுகளாக மாற்றினோம். இடப்பக்கம் வைப்பது, வலப்பக்கம் எடுப்பது. அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுழற்சிக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு: சாப்பிடாததை வாங்க முடியாது. குவியலில் அந்தத் தடை இல்லை. நெடுநாள் தாங்கும் என்ற ஒரே காரணத்துக்காக, வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காத டின் உணவு இருபத்து நான்கு வாங்கினோம். நெருக்கடி நேரத்தில், ஏற்கெனவே பயந்திருக்கும் குழந்தைக்கு முன்பின் பழகாத உணவைக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது யோசிக்கவில்லை.

குவியலே சரியான இடங்களும் இருக்கின்றன. சோப்புக் கட்டி காயக் காயக் கெட்டிப்பட்டு இன்னும் நாள் உழைக்கும். கழிவறைக் காகிதம், சானிட்டரி நாப்கின், தீப்பெட்டி, உப்பு, சர்க்கரை ஆகியவற்றுக்கு ஈரம் படாமல் இருந்தால் போதும். இவற்றை மொத்தமாக வாங்கலாம், வருத்தப்பட வேண்டியிருக்காது. சலவைத்தூள் கட்டிதட்டினாலும் வேலை செய்யும். ஆனால் துப்புரவுப் பொருள் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. திரவ ப்ளீச் பாட்டிலுக்குள்ளேயே மெல்ல மெல்ல வீரியம் இழக்கும், ஆறு மாதம் தாண்டினால் அதைப் புதுசாக நம்ப முடியாது. குழந்தை உள்ள வீட்டில் டயப்பர் கெடாதுதான், குழந்தை வளர்ந்துவிடும். ஒரே அளவில் நான்கு மாதத்துக்கு வாங்கினால் பாதி மிஞ்சும்.

பேட்டரியும் குவியல் பக்கம்தான். அல்கலைன் பேட்டரி பிரிக்காமல் வைத்தால் ஐந்து முதல் பத்து வருடம் தாங்கும். டார்ச்சுக்குள்ளேயே போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். எங்கள் அவசர டார்ச்சைத் திறந்தபோது ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது, கசிந்த காரம் உலோகத்தைத் தின்றுவிட்டது. இப்போது டார்ச்சும் பேட்டரியும் ஒரே பையில், தனித்தனியாக.

தண்ணீர் இரண்டு முறைக்கும் பொதுவானது, ஆனால் பெரும்பாலும் மறந்துபோவது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர் என்பது ஜெர்மனியின் குடிமக்கள் பாதுகாப்பு அலுவலகம் சொல்லும் கணக்கு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கைகால் கழுவுவதையும் சேர்த்து ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் என்கிறது. குழாயிலிருந்து நாமே பிடித்து வைக்கும் தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் அவர்கள்தான். நான்கு பேருக்கு ஒரு வாரம் என்றால் குறைந்த கணக்கிலேயே 56 லிட்டர், அதாவது 56 கிலோ எடை. அலமாரித் தட்டு தாங்குமா என்று பார்த்துவிட்டு வையுங்கள். நாங்கள் தரையில் வைத்திருக்கிறோம்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. உலர்ந்த தானியத்தை ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலத்தோடு உலோகப் பூச்சுப் பையில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைப்பது. தெரிந்த ஒருவர் வீட்டில் அப்படி அடைத்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. நானே அடைத்துப் பழகியதில்லை என்பதால் இதில் அதிகம் பேச மாட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: நன்கு காய்ந்த, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத பொருளுக்குத்தான் இது. ஈரம் உள்ளதை ஆக்சிஜன் இல்லாமல் அடைத்தால் போட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நஞ்சு உண்டாக வழி இருக்கிறது.

தட்டுப்பாட்டுக்கே வருகிறேன். 1973 நவம்பரில், கச்சா எண்ணெய் நெருக்கடியின்போது, ஜப்பானில் ஒசாகாவுக்கு அருகே கழிவறைக் காகிதம் கிடைக்காமல் போகும் என்ற பேச்சு பரவி, கடை திறக்கும் முன்பே கூட்டம் திரண்டது. அந்தப் பதற்றம் நாடு முழுக்கத் தொற்றியது. 2020 மார்ச்சில் பல நாடுகளில் அதே பொருளுக்கு அதே காட்சி. கடைகள் சில நாள் விற்பனைக்கான சரக்கைத்தான் தட்டில் வைத்திருக்கும். எல்லா வீடும் ஒரே வாரத்தில் மூன்று மாதச் சாமானை எடுத்தால், ஆலை முழுமூச்சாக ஓடினாலும் தட்டு காலியாகும். காலித் தட்டைப் பார்த்தவர் இன்னும் இரண்டு சேர்த்து எடுப்பார். அந்த வாரம் நாங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களில் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் வாங்குகிறவர்கள் இருந்திருப்பார்கள். மாவைக் கொட்டிய நாளில் அந்த எண்ணம்தான் அதிகம் உறுத்தியது. அமைதியான மாதங்களில் வாரம் ஒன்று கூடுதலாக எடுப்பவர் யாருடைய பங்கையும் பறிப்பதில்லை. பதற்றம் வரும்போது அவர் வரிசையில் நிற்கவே வேண்டாம்.

சுழற்சியின் பெரிய குறை, நிரம்ப நாளாகும் என்பது. எங்களுக்கு இரண்டு வார இருப்பு சேர ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது. அடுத்த வாரமே புயல் என்றால் இந்த முறை உதவாது. அப்போது தேவையானதை அளவோடு மொத்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும். மழைக்காலத்தில், பனிக்காலத்தில் மாதக்கணக்கில் பாதை அடைபடும் ஊர்களில் இருப்பவர்களுக்கும் குவியல் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அந்த வாழ்க்கை எனக்குப் பழக்கமில்லை, அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை.

எவ்வளவு சேர்ப்பது? ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் குறைந்தது 72 மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கும்படி குடும்பங்களைக் கேட்டுக்கொண்டது. நார்வேயும் ஸ்வீடனும் ஒரு வாரம் என்கின்றன. நாங்கள் இரண்டு வாரத்தில் நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் போனால் எங்கள் செலவு வேகத்துக்கு மாவும் எண்ணெயும் பழசாகின்றன. சென்ற வருடம் பத்து நாள் கடைக்கே போகாமல் இருந்து பார்த்தோம். சாப்பாட்டுக்குக் குறை வரவில்லை. ஏழாவது நாள் தீர்ந்தது அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, அதை யாரும் எண்ணி வைக்கவில்லை. அன்று மட்டும் வெளியே போக வேண்டியதாயிற்று. மருந்தை இஷ்டத்துக்குச் சேர்க்கவும் முடியாது, அளவு மாறலாம், தேதி முடியலாம். மருத்துவரிடம் கேட்டோம். கையில் பதினைந்து நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த சீட்டு எழுதித் தருகிறார். இப்போது அலமாரிக் கதவுச் சீட்டில் முதல் வரி அதுதான்.