முதலில் வந்தவருக்கா, திருத்திய நேரத்துக்கா, தோழமைக்கா? ஸ்கூனர் பந்தயப் பரிசுகள்: ஓர் ஒப்பீடு

பரிசு வைப்பவர் எழுதும் விதிதான் அடுத்த பத்தாண்டில் எப்படிப்பட்ட கப்பல் கட்டப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஸ்கூனர் விஷயத்தில் இது கண்கூடு. முன்மரம் குட்டையாகவும் பின்மரம் நெட்டையாகவும் இரண்டு பாய்மரங்கள் கொண்ட இந்தக் கப்பல்களுக்கு 1851 முதல் இன்றுவரை பல வகைப் பரிசுகள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சில ஸ்கூனரை வளர்த்தன, சில ஸ்கூனரையே பந்தயத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டன.

முதலில் கோட்டைத் தொட்டவருக்கு

பழைய முறை இதுதான். கரையில் நிற்பவருக்கும் ஒரே பார்வையில் புரியும். 1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் நியூயார்க்கின் ‘அமெரிக்கா’ என்ற ஸ்கூனர் இப்படித்தான் வென்றது. அது 170 டன். அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த ‘அரோரா’ வெறும் 47 டன். அளவு வித்தியாசத்துக்கு நேரச் சலுகை எதுவும் அன்று தரப்படவில்லை. தந்திருந்தால் கோப்பை யாருக்குப் போயிருக்கும் என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

அந்தக் கோப்பைதான் அமெரிக்கா கோப்பை ஆயிற்று. 1857-இல் அதை நியூயார்க் படகுக் கழகத்துக்குக் கொடுத்தவர்கள், நாடுகளுக்கிடையே நட்பான போட்டிக்கு என்று எழுதினார்களே தவிர, ஸ்கூனருக்கு மட்டும் என்று எழுதவில்லை. 1870, 1871, 1876 ஆகிய மூன்று போட்டிகளிலும் ஸ்கூனர்கள் ஓடின. 1881-இல் ஒற்றைமரப் படகுகள் அந்த இடத்தைப் பிடித்தன. எதிர்க்காற்றில் ஏறுவதில் ஒற்றைமரத்தோடு இரட்டைமரம் போட்டிபோட முடியாது. மரபுக் கப்பலைக் காப்பாற்ற நினைப்பவர் அதன் பாயமைப்பை விதியிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

உழைத்த கப்பலுக்கு மட்டும்

என் பார்வையில் ஸ்கூனர்களுக்காக எழுதப்பட்டதிலேயே சிறந்த விதி 1920-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் ஹெரால்டு நாளிதழின் வில்லியம் டென்னிஸ் வைத்த சர்வதேச மீனவர் கோப்பையினுடையதுதான். அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கா கோப்பைப் பந்தயம் ஒன்றை, காற்று 23 நாட் (மணிக்கு 23 கடல் மைல்) வேகத்தில் வீசுகிறது என்று ஒத்திவைத்தார்கள். காட் மீன் பிடிக்கக் குளிர்காலத்திலும் கடலேறும் கனடாவின் லூனென்பர்க், அமெரிக்காவின் கிளாஸ்டர் மீனவர்களுக்கு அதெல்லாம் வேலைநாள் காற்று. அந்த ஏளனத்தில் பிறந்த கோப்பை இது. வென்ற கப்பலுக்கு 4,000 டாலர், தோற்றதற்கு 1,000 டாலர். தோற்றவருக்கும் பணம் வைத்தது நல்ல யோசனை: பந்தயத்துக்காக மீன்பிடி நாட்களை விட்டுவருபவரின் செலவை அது ஈடுகட்டும்.

விதியின் உயிர் அதன் தகுதி நிபந்தனையில் இருந்தது. கப்பல் குறைந்தது ஒரு பருவமாவது மீன்பிடித் துறையில் வேலை செய்திருக்க வேண்டும். மொத்த நீளம் 145 அடிக்குள், நீர்மட்ட நீளம் 112 அடிக்குள். மீன்பிடிக்கப் போகும்போது கட்டும் பாய்கள் மட்டுமே. முதல் ஆண்டு மார்ட்டி வெல்ச் தலைமையில் கிளாஸ்டரின் ‘எஸ்பெராண்டோ’, லூனென்பர்க்கின் ‘டெலவானா’வை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றது. அடுத்த மார்ச்சில் லூனென்பர்க்கில் ‘ப்ளூநோஸ்’ தண்ணீரில் இறங்கியது. வில்லியம் ரூவே வரைந்த 143 அடிக் கப்பல். நிபந்தனைப்படி ஒரு பருவம் மீன்பிடித்துவிட்டு, ஆங்கஸ் வால்டர்ஸ் தலைமையில் 1921-லேயே கோப்பையைத் தூக்கியது.

இந்த நிபந்தனை எங்கே பிசகியது என்பதும் பாடம்தான். பாஸ்டன் பக்கத்து ‘மேஃப்ளவர்’ 1921-இல் கட்டப்பட்டு மீன்பிடிக்கவும் போனது. ஆனாலும் அது உல்லாசப் படகு மாதிரி இருக்கிறது என்று ஹாலிஃபாக்ஸ் அறங்காவலர்கள் விலக்கினார்கள். ‘ஒரு பருவம் வேலை’ என்பதை அளக்கலாம், ‘உல்லாசப் படகு மாதிரி’ என்பதை எந்த நாடாவால் அளப்பது? தோற்றத்தை வைத்து விலக்கும் அதிகாரம் போட்டியிடும் ஒரு தரப்பின் கையில் இருந்தால் பகைதான் மிஞ்சும். 1923-இல் அது முற்றியது. மிதவைகளைக் கடல்பக்கமாக, அதாவது வெளிப்பக்கமாகத்தான் கடக்க வேண்டும் என்ற விதியைத் தொடரின் நடுவில் கொண்டுவந்தார்கள். ப்ளூநோஸ் ஒரு மிதவையின் உள்பக்கமாகப் போனது. இரண்டாம் பந்தயத்தைக் குழு எதிர்த்து ஓடிய கிளாஸ்டரின் ‘கொலம்பியா’வுக்குக் கொடுத்தது. வால்டர்ஸ் கப்பலைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு 1931 வரை அந்தக் கோப்பைக்குப் போட்டியே நடக்கவில்லை. ஒரு மிதவை, எட்டு ஆண்டு.

அளவுத் தகராறு 1938-இல் வந்தது. ப்ளூநோஸின் நீர்மட்ட நீளம் 112 அடியைத் தாண்டி 114 அடியாகிவிட்டது என்று சொல்லி, நிலைப்பாரத்தை, அதாவது கப்பல் நிமிர்ந்து நிற்க அடியில் ஏற்றும் பாரத்தை, இறக்கவைத்தார்கள். இரண்டு அடிக்கு இத்தனை கூச்சலா என்று தோன்றலாம். இந்தக் கப்பல்களின் முனைகள் இரண்டு பக்கமும் நீருக்கு மேல் நீண்டு நிற்பவை. கப்பல் சில அங்குலம் தாழ்ந்தாலே நீர்மட்ட நீளம் அடிக்கணக்கில் கூடும். நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கப்பல் உடலின் உச்ச வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 112 அடிக்கு 14.18, 114 அடிக்கு 14.31. நாற்பது கடல் மைல் ஓட்டத்தில் இதனால் மிஞ்சுவது சுமார் 90 வினாடி. கிளாஸ்டரின் ‘கெர்ட்ரூட் தெபோ’வுக்கு எதிரான அந்தத் தொடரில் ஐந்தாவதும் கடைசியுமான பந்தயத்தை ப்ளூநோஸ் மூன்று நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் வென்றது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூச்சல் நியாயமானதே.

திருத்திய நேரத்துக்கு

இன்று மரபு ஸ்கூனர்கள் ஒரே அளவில் இல்லை. நூறடிக் கப்பலும் நாற்பதடிப் படகும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அதனால் ஓடிய நேரத்தைக் கப்பலுக்கேற்பத் திருத்தும் கணக்கு வேண்டியிருக்கிறது. இரண்டு வழி உண்டு.

தூரக் கணக்கில், ஒவ்வொரு கப்பலுக்கும் மைலுக்கு இத்தனை வினாடி என்று சலுகை. பெரியதற்கு 60, சிறியதற்கு 150 என்று வையுங்கள். வித்தியாசம் 90 வினாடி. 30 கடல் மைலுக்கு 2,700 வினாடி, அதாவது 45 நிமிடம். சிறியது 44 நிமிடம் பின்னால் வந்தாலும் வெற்றி அதற்குத்தான். காற்று அற்றுப்போனால் இந்தக் கணக்கு சிறியதைக் கைவிட்டுவிடும்: பெரியது காற்றிருக்கும்போதே கோட்டைத் தொட்டிருக்கும், சிறியது மூன்று மணி நேரம் அசையாமல் கிடக்கும், சலுகை மட்டும் அதே 45 நிமிடமாக நிற்கும். நேரக் கணக்கில், ஓடிய நேரத்தை ஒரு குணகத்தால் பெருக்குகிறோம். ஆறு மணி நேரத்தை 0.9-ஆல் பெருக்கினால் 5 மணி 24 நிமிடம். ஓட்டம் நீள நீளச் சலுகையும் நீளும். மெல்லிய காற்றுள்ள கடலில் இதுவே மேல். ஆனால் நீரோட்டம் திசை மாறும் விரிகுடாவில் இரண்டுமே தடுமாறும்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. ஸ்கூனருக்கு ஒரே எண் போதாது. பக்கக்காற்றில் பறக்கும் கப்பல், எதிர்க்காற்றில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தவிக்கும். இரண்டு மரங்களுக்கும் நடுவே உயரத்தில் கட்டும் நாற்கோணப் பாயை ஒவ்வொரு திருப்பத்துக்கும் இறக்கி, மறுபக்கம் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். மேல்பாயின் கீழ்முனைக் கயிற்றையும் தாமானையும் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இரு மர உச்சிகளை இணைக்கும் கம்பிக்கு மேலே தூக்கிப் போட, மர உச்சியில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் அரை நிமிடம் பிந்தினால் பாய் கம்பியில் அறைந்து கிழியும். ஆகவே பாதையில் எதிர்க்காற்றுப் பகுதி எவ்வளவு என்பது குணகத்தைவிடப் பெரிய விஷயம்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நடக்கும் மாபெரும் ஸ்கூனர் பந்தயம் இதை நன்றாகக் கையாள்கிறது. இழுவைப் படகுக்கே ஸ்கூனர் பாய் கட்டிய ‘நார்ஃபோக் ரெபல்’ கப்பலின் தலைவர் லேன் பிரிக்ஸ், ‘ப்ரைட் ஆஃப் பால்டிமோர் 2’ என்ற ஸ்கூனருக்கு விடுத்த சவாலில் பிறந்து, 1990-இல் தொடங்கியது. கப்பல்களை ஏஏ, ஏ, பி, சி என்று வகுக்கிறார்கள். பெரிய வகைகள் சுமார் 127 கடல் மைல் தெற்கே ஓட, சிறியவற்றுக்கு முன்னதாகவே வேறு முடிவுக்கோடு. திருத்திய நேரத்தில் ஒவ்வொரு வகைக்கும் பரிசு, முதலில் தொட்டவருக்குத் தனி மரியாதை. கிளாஸ்டர் ஸ்கூனர் விழாவிலும் வகைப்பிரிவு உண்டு. பெரிய வகைக்கான கோப்பை எஸ்பெராண்டோ பெயரில் இருப்பது பொருத்தம்.

சக தலைவர்கள் தரும் பரிசு

1956-இல் டோர்பேயிலிருந்து லிஸ்பனுக்கு ஓடிய பந்தயத்தில் தொடங்கும் பாய்க்கப்பல் பயிற்சிப் பந்தயங்களில் உயர்ந்த மரியாதை வேகத்துக்கு அல்ல. நாடுகளுக்கிடையே நட்பை அதிகம் வளர்த்த கப்பல் எது என்று மற்றக் கப்பல்களின் தலைவர்களே வாக்களிக்கிறார்கள். முன்பு கட்டி சார்க் கோப்பை, இப்போது நட்புக் கோப்பை. ஆட்களில் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். அளவுத் தகராறுக்கே இடமில்லை. பெரிய தளத்தில் விருந்து வைக்கும் கப்பல் எல்லார் கண்ணிலும் படும், எட்டுப் பேர் ஓட்டும் சிறுகப்பல் படாது என்பதே குறை. கப்பலுக்கு ஒரு வாக்கு, தன் கப்பலுக்குப் போடக்கூடாது, வாக்கோடு ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும் என்று வைத்தால் பாதி சரியாகும்.

வாக்குப் பரிசு ஏன் வேண்டும் என்பதற்குத் தமிழர் கடலோடி வரலாற்றிலேயே ஒரு காரணம் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய 89 அடி ‘அன்னபூரணி’யை அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் வாங்கினார். ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றப்பட்ட அந்தக் கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சூயஸ் கடந்து 1938 ஆகஸ்ட் 1 அன்று கிளாஸ்டர் துறைமுகத்துக்குள் நுழைந்தது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கடற்கரையில்தான் ப்ளூநோஸும் தெபோவும் கடைசியாக மோதின. அன்னபூரணி மீன்பிடிக் கப்பல் அல்ல, எவரோடும் கோட்டில் நிற்கவில்லை, திருத்த வேண்டிய நேரமும் இல்லை. மேலே சொன்ன மூன்று வகைப் பரிசிலும் அதற்கு ஓர் இடமும் கிடையாது. கப்பலோட்டிகள் வாக்களிக்கும் பரிசு ஒன்று அங்கே இருந்திருந்தால் மட்டுமே வாய்ப்பு.

எதை எடுப்பது

புதிதாகப் பந்தயம் தொடங்குபவர் முதன்மைக் கோப்பையை வகைவாரியாகத் திருத்திய நேரத்துக்கு வைக்கட்டும். மெல்லிய காற்றுக் கடலானால் குணக முறை. முதலில் தொட்டவருக்கு ஒரு கொடி போதும், பணம் வேண்டாம். தலைவர்கள் வாக்கிடும் பரிசை எல்லாவற்றுக்கும் கடைசியில் கொடுக்க வேண்டும். உழைக்கும் கப்பல்கள் இன்னும் மிஞ்சியிருக்கும் கடலானால் ‘ஒரு பருவம் வேலை’ நிபந்தனையையும் சேர்த்து, வேலை செய்த நாட்களைத் துறைமுகப் பதிவேட்டைப் பார்த்து எண்ண வேண்டும். நீர்மட்ட அளவை முதல் பந்தயத்துக்கு முந்தின நாள், முழு ஆட்களும் முழுப் பாயும் ஏறிய நிலையில், அலையடங்கிய உப்புநீரில் எடுங்கள். நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழும், அளவு தப்பும். எடுத்ததும் நீர்க்கோட்டில் இரண்டு முனையிலும் வண்ணம் பூசிவிடுங்கள். அதன்பிறகு நிலைப்பாரத்தைத் தொட்டவர் அந்தப் பந்தயத்தில் இல்லை.