எச்-இண்டெக்ஸ் ஏற்றித் தருகிறேன் என்றவரிடம் 2,900 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்த கதை

சிங்கப்பூரில் ஆய்வு வேலையில் இருக்கும் நம் ஆட்கள், அதிலும் ஒப்பந்தம் முடியப்போகிறதே என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள், இதைக் கொஞ்சம் படியுங்கள். நான் ஏமாந்தேன். பாதி அவர் ஏமாற்றியது, மீதி நானாகப் போய் விழுந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தண்ணீர் சுத்திகரிக்கும் சவ்வுகளில்தான் என் வேலை. இருபத்து மூன்று கட்டுரைகள், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் 11. இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வரி: 11 என்றால், ஒவ்வொன்றும் மற்றவர்களின் கட்டுரைகளில் குறைந்தது 11 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 11 இருக்கின்றன என்று பொருள். 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் போட்ட கணக்கு. போட்டவர் தம் துறையில் நிரந்தரப் பதவிக்குச் சுமார் 12 இருந்தால் போதும் என்று எழுதப்போக, உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் 11. ஒன்றே ஒன்று குறைகிறது. அந்த ஒன்றுதான் என்னை அரித்துத் தின்றது.

வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன் அறிமுகமானார். தஞ்சாவூர்ப் பக்கம், இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறதாம். ‘ஆய்வுத் தாக்க ஆலோசகர்’ என்று அட்டை வைத்திருந்தார். தேக்கா சந்தையில் சந்தித்தோம். தே தாரேக் டீயை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். திரையில் வண்ண வண்ணமாகப் புள்ளிகள், நடுவே நூல் நூலாகக் கோடுகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆய்வாளர், கோடு என்றால் சேர்ந்து எழுதியவர்கள். வலது ஓரத்தில், கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி ஒரு சின்னச் சாம்பல் புள்ளி. அதுதான் நான்.

“தம்பி, உங்ககிட்ட ஆழம் இருக்கு, அகலம் இல்ல. ராமானுஜனுக்கு ஹார்டி கிடைச்ச மாதிரி உங்களுக்கு ஒரு பாலம் வேணும்” என்றார். அந்த நேரத்தில் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! 1913இல் ராமானுஜன் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி பதில் போட்டார், பணம் அனுப்பச் சொல்லி பேநவ் எண் அனுப்பவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. வரைபடத்துக்கு 300 வெள்ளி. ‘ஆறு மாத வளர்ச்சித் திட்டம்’ 2,600 வெள்ளி, பாதி முன்பணம், எச் நாலு ஏறியதும் மீதி. வீட்டில் சொல்லாமல் அனுப்பினேன்.

அந்த வரைபடத்தின் ரகசியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் போடுகிற மென்பொருளுக்குப் பெயர் விஓஎஸ்வியூவர். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், இலவசம். கட்டுரைகள் பற்றிய தரவுக்கு ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது, 2022இல் தொடங்கியது, அதுவும் இலவசம். பிற்பாடு நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், இருபது நிமிடம். என் புள்ளி ஓரத்தில் இல்லவே இல்லை. அவர் என் கட்டுரைகளில் பாதியைத்தான் உள்ளே கொடுத்திருக்கிறார். அதோடு, ‘ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது இத்தனை கட்டுரைகள்’ என்று மென்பொருள் ஓர் அளவு கேட்கும், அதைக் கூட்டி வைத்துவிட்டால் போதும், கூட எழுதிய மாணவர்கள் எல்லாரும் படத்திலிருந்து காணாமல் போய்விடுவார்கள். அப்படித்தான் நான் அநாதையானேன்.

சரி, திட்டம் தொடங்கியது. ‘ப்ரொஃபைலைச் சீர்படுத்த’ என் கூகுள் ஸ்காலர் கடவுச்சொல் கேட்டார், கொடுத்தேன். (திட்டாதீர்கள், வீட்டில் வேண்டிய மட்டும் வாங்கியாகிவிட்டது.) இரண்டே நாளில் எச் 13! கைகால் பரபரத்தது. இரண்டு வாரம் கழித்து ஏதோ தேடப்போய் என் பக்கத்தைத் திறந்தால், கரும்புச் செவ்வழுகல் நோய் பற்றி நான் எழுதிய கட்டுரை இருக்கிறது. கரும்பை நான் சாறாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நம் பெயர்களில் இருக்கிற சங்கடம் இது. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர். ‘எஸ். குமார்’ என்று கூகுள் ஸ்காலரில் தட்டினால் எத்தனை ஊர், எத்தனை துறை வந்து நிற்கும்! கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடுவதால் பாதிக் கட்டுரைகள் அப்பா பெயரில் வேறு கிடக்கும். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆர்சிட் எண் என்று பதினாறு இலக்கம் கொடுப்பதே இந்தக் குழப்பத்துக்காகத்தான். அண்ணன் இந்தக் குழப்பத்தையே காசாக்கியிருந்தார். என் பெயர்க்காரர் ஒருவரின் கட்டுரைகளை அள்ளி என் பக்கத்தில் போட்டுவிட்டார். கேட்டால், “அது சிஸ்டம் தானா சேர்த்துக்கும் தம்பி” என்றார். தானாகச் சேர்ப்பதும் உண்டுதான், அதனால் நம்பினேன். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அவற்றை நீக்கினேன். எச் மறுபடி 11. அன்றைக்கே விலகியிருக்க வேண்டும். “இனிமே சுத்தமா, மேற்கோள் வழியா மட்டும் போவோம்” என்றார். தலையாட்டினேன்.

அடுத்து அவர் செய்தது திறமைதான், ஒத்துக்கொள்கிறேன். மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசையாக வைத்தால், என் பதினோராவது கட்டுரைக்கு 14 மேற்கோள், பன்னிரண்டாவதற்கு 9. அந்த 9ஐ 12 ஆக்கினால் எச் 12. ஏற்கெனவே நிறைய மேற்கோள் உள்ள கட்டுரைக்கு நூறு சேர்த்தாலும் எச் அசையாது, வாசற்படியில் நிற்பதைத் தள்ளிவிட்டால் போதும். நாலு மாதத்தில் 14ஐ 15 ஆக்கினார். 9 பதினாறானது. அதற்குக் கீழே 8, 6, 5 என்று கிடந்தவை 16, 15, 15 ஆயின. எச் 15. மொத்தமே 35 மேற்கோள்கள்தான். 2,600 வெள்ளியை 35ஆல் வகுத்தால் ஒன்று 74 வெள்ளி. அபுதாபியில் இருக்கும் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்காகவே இல்லாத ஓர் ஆய்வாளரை உருவாக்கி அவர் பெயருக்கு 50 மேற்கோள்களை 300 அமெரிக்க டாலருக்கு வாங்கினார்கள், 2024இல் செய்தியாக வந்தது. திருட்டுச் சந்தையிலும் எனக்குத்தான் கூடுதல் விலை.

மீதிப் பணத்தையும் கொடுத்த பிறகுதான், யார் என்னை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். அந்த 35ம் வந்தது ஒன்பதே கட்டுரைகளிலிருந்து. ஒன்று, மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடுவதைக் கணினி கொண்டு கணிப்பது. இன்னொன்று பருத்தி நூல் விலை. சவ்வுக்கும் நூல் விலைக்கும் என்ன சம்பந்தம்? முன்னுரையில் ஒரு வரி: ‘அண்மைக் காலத்தில் இத்துறையில் பல முன்னேற்றங்கள் ஏற்பட்டுள்ளன [34–47].’ அவ்வளவுதான். அடைப்புக்குறிக்குள் பதினாலு கட்டுரைகள் மூட்டையாக. அதில் நாலு என்னுடையவை. மீதிப் பத்து யாருடையவை என்று பார்த்தேன். ஒன்பது கட்டுரைகளிலும் அதே மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அதில் ஒருவர் அதே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர், என் எச் ஏறியபோது கைதட்டும் படம் அனுப்பியவர். பாவம், அவரும் என்னைப் போலக் காசு கட்டியவர்தான்போல. அண்ணன் சொன்ன ‘உலகளாவிய கூட்டாய்வு வலை’ இதுதான்: வாடிக்கையாளர்களை ஒருவர் முதுகில் ஒருவரைச் சொறிய வைப்பது.

இதை நீக்கவும் முடியாது. கட்டுரையை என் பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம். யாரோ ஒருவர் என் கட்டுரையைக் காட்டிய மேற்கோளை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வழியே இல்லை.

இதைவிட மோசமானது ஐந்தாம் மாதம் வந்தது. ரத்தச் சர்க்கரை அளவைக் கணிப்பது பற்றி ஒரு கட்டுரை, ஆறு ஆசிரியர்கள், மூன்றாவது பெயர் என்னுடையது. என் பெயரில் யாரோ புதிதாகத் திறந்த மின்னஞ்சல் முகவரியோடு. இதழாசிரியருக்கு எழுதினேன். வெளியான பிறகு ஆசிரியர் பெயரை நீக்க மற்ற எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்று பதில் வந்தது. முகம் தெரியாத ஐந்து பேரிடம், நான் உங்களோடு எழுதவில்லை என்பதற்குச் சம்மதக் கடிதம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை ஒருவரும் பதில் போடவில்லை.

ஆகஸ்டில் நேர்காணல். விண்ணப்பத்தில் முதல் பக்கத்திலேயே, தடித்த எழுத்தில் எச்-இண்டெக்ஸ் 15 என்று போட்டிருந்தேன். நேர்காணல் குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கட்டுரைப் பட்டியல். நாலு எண்களைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்: 16, 16, 15, 15. “நாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதே” என்றார். குரலில் கோபமே இல்லை. ஸ்கோப்பஸில் 10தானே இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் இதழ்களைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர்க்கும். கூகுள் ஸ்காலர் வலையில் கிடைப்பதையெல்லாம் வாரிக்கொள்ளும். 2024இல் ஒரு பூனைக்கு 12 போலிக் கட்டுரைகள் தயார் செய்து அதில் எச் 11 வாங்கிக் காட்டினார்கள். நான் நேர்மையாகப் பத்து வருஷத்தில் வாங்கிய அதே 11.

என்ன பதில் சொன்னேன்? சிறப்பிதழ், கருத்தரங்கு என்று ஏதோ உளறினேன். வேலை கிடைக்கவில்லை. இதனால்தான் கிடைக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து விண்ணப்பப் படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று அதில் எங்குமே கேட்கவில்லை. உங்கள் கட்டுரைகளில் மூன்றைத் தேர்ந்து, அவற்றால் என்ன மாறியது என்று சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்றுதான் இருந்தது. இதழ்களின் எண்களை வைத்து ஆய்வை எடைபோடாதீர்கள் என்று 2013இல் வெளியான சான்பிரான்சிஸ்கோ பிரகடனத்துக்குப் பிறகு இப்படிக் கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். அந்தப் பகுதியை நான் கடைசி நாள் ராத்திரி அரை மணி நேரத்தில் எழுதி முடித்திருந்தேன்.

பணமா? ரசீதில் ‘கல்வி ஆலோசனைக் கட்டணம்’ என்று இருக்கிறது. சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் தீர்ப்பாயத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். போய் என்ன சொல்வது, காசு கொடுத்து வாங்கிய மேற்கோள் தரமாக இல்லை என்றா?

அண்ணன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார். குழு நடக்கிறது, போன வாரம்கூட ஒரு பையனுக்கு அந்தப் புள்ளிப் படம் போயிருக்கிறது, அவன் எனக்கு அனுப்பி “அண்ணே, நான் ஓரத்துலயா இருக்கேன்?” என்று கேட்டான். யாருக்காவது அப்படி ஒரு படம் வந்திருந்தால், பணம் அனுப்பும் முன் என்னிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை தேக்காவில் இருப்பேன். முழுப் பட்டியலையும் போட்டு நானே வரைந்து காட்டுகிறேன். பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு தே ஓ கோசோங் டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.